திருவுளச்சீட்டில் நிச்சயமான கல்யாணங்கள்: ஹெர்ன்ஹூட் முதல் தரங்கம்பாடி வரை

தமிழ்க் கிறிஸ்தவக் கல்யாணப் பத்திரிகையைப் பிரித்தால் எங்காவது ஒரு மூலையில் "தேவனுக்குச் சித்தமானால்" என்று இருக்கும். மண்டபம் பேசி முடித்தாச்சு, பிரியாணிக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாச்சு. அதற்குப் பிறகும் ஒரு "சித்தமானால்". அதை மரியாதைக்கு எழுதும் வார்த்தை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். சித்தமில்லை என்று பதில் வந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைத்திருப்பதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு கூட்டம் அதை யோசித்து வைத்திருந்தது. ஒவ்வொரு கல்யாணத்துக்கு முன்பும் "இது உமக்குச் சித்தமா?" என்று நிஜமாகவே கேட்டார்கள். பதில் சீட்டில் வந்தது. "இல்லை" என்று வந்தால் அந்தக் கல்யாணம் கிடையாது. அவர்கள்தான் மொரேவியர்கள். கடந்த சில மாதங்களாக ராத்திரி நேரங்களில் இவர்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். குடும்பத்தை முழுக்க முழுக்க விசுவாசத்தின் மேல் கட்டுகிறோம் என்று சொல்லி, அதை உள்ளபடியே செய்து பார்த்தவர்கள் என்பதால் இந்தக் குறிப்பு.

சீட்டு என்றதும் நமக்கு ஏதோ விநோதமாகத் தோன்ற வேண்டியதில்லை. நம்மூர்க் கோயில்களில் கல்யாணம், வீடு, தொழில் எதற்கும் பூக்கட்டிப் பார்ப்பது இன்றும் உண்டு. வெள்ளைப் பூ, சிவப்புப் பூ, இரண்டு பொட்டலம், ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. திருவுளச்சீட்டு என்ற அழகான வார்த்தையே தமிழில் இருக்கிறது. திருவுளம் என்றால் கடவுளின் மனம். வேதாகமத்திலும் யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுத்தது சீட்டுப் போட்டுத்தான் (அப்போஸ்தலர் நடபடிகள், முதல் அதிகாரம்). ஆனால் மொரேவியர்கள் அளவுக்கு இதை அன்றாட நிர்வாக முறையாக ஆக்கியவர்கள் குறைவு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1722-ல் மொரேவியா பகுதியிலிருந்து (இன்றைய செக் குடியரசு) மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த சில குடும்பங்கள், ஜெர்மனியின் சாக்சனியில் நிக்கோலஸ் லுட்விக் ஃபான் சின்சென்டார்ஃப் என்ற இளம் பிரபுவின் நிலத்தில் குடியேறினார்கள். முதல் மரத்தை வெட்டியவர் கிறிஸ்டியன் டேவிட் என்ற தச்சர். அந்த ஊர்தான் ஹெர்ன்ஹூட். 1727-ல் ஊருக்குச் சட்டதிட்டம் எழுதி, பன்னிரண்டு மூப்பர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் நான்கு பேரைச் சீட்டுப் போட்டுத் தலைமை மூப்பர் ஆக்கினார்கள். 1730-ல் பெண்களுக்கான தலைமை மூப்பர் பதவிக்குச் சீட்டில் வந்த பெயர் அன்னா நிட்ச்மன். வயது 14! சின்சென்டார்ஃபே "வேண்டாம் என்று சொல்லிவிடு" என்று அவளிடம் சொன்னார். அவள் மறுக்கவில்லை.

இதோடு நிற்கவில்லை. மிஷனரியாக யார் போவது, எப்போது போவது என்று பல விஷயங்களுக்கும் சீட்டு வந்தது. 1728 முதல் தினமும் ஒரு வசனத்தை அன்றைய வாக்காக எடுத்துக்கொண்டார்கள். 1731-ம் ஆண்டுக்கு அது புத்தகமாகவே அச்சானது. அந்த வசனப் புத்தகம் இன்றுவரை ஆண்டுதோறும் வருகிறது, வசனங்கள் இன்றும் ஹெர்ன்ஹூட்டில் குலுக்கல் முறையில்தான் எடுக்கப்படுகின்றன. நம் சபைகளில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வரிசையில் நின்று வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹெர்ன்ஹூட் ஞாபகம் வரும்.

கல்யாணத்துக்கு ஏன் சீட்டு? முதலில் எனக்கும் இது வெறும் பக்திப் பைத்தியம் என்றுதான் பட்டது. படிக்கப் படிக்க ஒரு நடைமுறைக் காரணம் தெரிந்தது. ஹெர்ன்ஹூட் ஒரு அகதி ஊர். அங்கு வந்து சேர்ந்த பல வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் வரன் பார்க்க அப்பா அம்மா இல்லை, தாய்மாமன் அத்தை இல்லை. அதோடு ஊரையே பல கூட்டங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். கல்யாணமாகாத ஆண்கள் ஒரு கூட்டம், கல்யாணமாகாத பெண்கள் ஒரு கூட்டம், தம்பதிகள், விதவைகள், மனைவியை இழந்தவர்கள், பையன்கள், சிறுமிகள் என்று தனித்தனி. ஜெர்மனில் இதற்கு "கோர்" என்று பெயர். பாட்டுக்குழு என்று நினைத்துவிட வேண்டாம். சேர்ந்து வேலை செய்வதும், ஜெபிப்பதும், நாளடைவில் ஒரே கட்டடத்தில் தங்குவதும் தன் கூட்டத்தோடுதான். பெண்கள் தலையில் அணியும் வெள்ளைத் தொப்பியின் ரிப்பன் நிறமே யார் எந்தக் கூட்டம் என்று சொல்லிவிடும். கல்யாணமாகாதவள் என்றால் இளஞ்சிவப்பு, கல்யாணமானவள் என்றால் நீலம், விதவை என்றால் வெள்ளை. இப்படிப்பட்ட ஊரில் பையனும் பெண்ணும் பழகிப் பார்த்து முடிவு செய்ய வழியே இல்லை. வீட்டுப் பெரியவர்களும் இல்லை, காதலும் இல்லை என்றால் ஜோடி சேர்ப்பது யார்? மூப்பர்கள். மூப்பர்களுக்குத் தங்கள் தீர்ப்பின் மேலேயே பயம். அதனால் சீட்டு.

முறை இதுதான். ஒருவர் கல்யாணம் செய்ய விரும்பினால் தன் மனதில் இருக்கும் பெயரை மூப்பர்களிடம் சொல்லலாம், அல்லது அவர்களையே யோசித்துச் சொல்லச் சொல்லலாம். மூப்பர் குழு அதை விவாதிக்கும். பொருத்தம் என்று பட்டால் ஜெபித்துவிட்டுச் சீட்டு எடுப்பார்கள். வழக்கமாக மூன்று சீட்டு: ஒன்றில் ஆம், ஒன்றில் இல்லை, ஒன்று வெறும் தாள். வெறும் தாள் வந்தால் "இப்போது வேண்டாம், பொறு" அல்லது "கேள்வியே சரியில்லை" என்று பொருள். ஆம் வந்தால் பெண்ணிடம் போய்க் கேட்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெண் மறுக்கலாம். சீட்டில் "ஆம்" வந்திருந்தாலும் மறுக்கலாம், மறுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆக, சீட்டில் வரும் "இல்லை" கட்டாயம். சீட்டில் வரும் "ஆம்" வெறும் அனுமதி. எங்கள் மொழியில் சொன்னால் இது உத்தரவு இல்லை, வீட்டோ. இந்த ஒரு சமச்சீரின்மையைப் பல எழுத்தாளர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். "முன்பின் தெரியாதவனுக்குச் சீட்டுக் குலுக்கிக் கட்டிவைத்தார்கள்" என்று ஒரே வரியில் கேலி செய்துவிட்டுப் போவார்கள். ஒரு பக்கம் மூப்பர்கள், ஒரு பக்கம் சீட்டு, ஒரு பக்கம் அந்தப் பெண். மூன்று பேரும் சம்மதித்தால்தான் கல்யாணம். அதே நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக் குடும்பங்களில் பெண்ணுக்குக் கிடைத்த உரிமையோடு ஒப்பிட்டால் இது குறைவில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. சபையே உன் வீடு, உன் வேலை, உன் சாப்பாடு என்று இருக்கும் ஊரில், "ஆண்டவர் சம்மதித்துவிட்டார், நீ என்ன சொல்கிறாய்?" என்று பெரியவர்கள் வந்து நிற்கும்போது மறுக்க எவ்வளவு தைரியம் வேண்டும்? மொரேவியர்களிடம் ஒரு நல்ல பழக்கம், ஒவ்வொருவரும் தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதி வைப்பார்கள், அடக்கத்தின்போது அதை வாசிப்பார்கள். பெத்லகேம் பெண்களின் குறிப்புகள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. கல்யாணக் கேள்வி வந்தபோது மனதுக்குள் நடந்த போராட்டத்தைப் பலர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். கல்யாணமாகாத சகோதரிகளின் வீட்டை விட்டுப் போவதுதான் அவர்களில் சிலருக்குப் பெரிய துக்கம். அங்கே தோழிகள், வேலை, பொறுப்பு எல்லாம் இருந்தன.

இன்ஜினியர் புத்தி, ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். மூன்று சீட்டில் ஒன்று "ஆம்" என்றால் ஒரு பெயர் தேறும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. அடுத்தடுத்து மூன்று பெயர் வைத்துக் கேட்டால், ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" வரும் வாய்ப்பு 27-ல் 19, சுமார் 70 சதவீதம். அதாவது யாருக்காவது கல்யாணம் ஆகுமா ஆகாதா என்பதைச் சீட்டு பெரிதாகத் தீர்மானிக்கவில்லை. யார் பெயர், எந்த வரிசையில் மேஜைக்கு வருகிறது என்பதுதான் நிறையத் தீர்மானித்தது. அந்த வரிசையை எழுதியவர்கள் மனிதர்கள்.

இதற்குச் சரியான உதாரணம் மொரேவியர் அல்லாத ஒருவர். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. 1735 கடைசியில் ஜார்ஜியாவுக்குக் கப்பலேறியபோது கூடப் பயணம் செய்த மொரேவியர்களைப் பார்த்து அசந்துபோனவர். நடுக்கடல் புயலில் மற்றவர்கள் அலற, இவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். சவான்னாவில் வெஸ்லிக்கு சோஃபி ஹாப்கி என்ற பெண்ணின் மேல் காதல். அவளுக்கு வயது 18, ஊரின் தலைமை நீதிபதி மனைவியின் உறவுப் பெண். வெஸ்லிக்கோ முடிவெடுக்க முடியவில்லை. கல்யாணம் ஊழியத்துக்குத் தடை என்று ஒரு நாள், அவள் நல்ல பெண் என்று ஒரு நாள். கடைசியில் 1737 மார்ச் 4 அன்று நண்பர் சார்லஸ் டெலமோட்டும் அவரும் ஜெபித்துவிட்டு மூன்று சீட்டு எழுதினார்கள். ஒன்றில் கல்யாணம் செய். ஒன்றில் இந்த வருஷம் நினைக்காதே. ஒன்றில் இனி நினைக்கவே நினைக்காதே. டெலமோட் எடுத்தார். வந்தது மூன்றாவது.

வேடிக்கை என்னவென்றால், அதன்பிறகு அவளோடு பேசலாமா கூடாதா என்று இன்னொரு சீட்டும் போட்டார்கள். டெலமோட் பக்கத்தில் இருந்தால் மட்டும் பேசலாம் என்று வந்தது. சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் கதை சிரிப்பாக முடியவில்லை. மார்ச் 12-ம் தேதியே சோஃபி, வில்லியம்சன் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆகஸ்டில் வெஸ்லி அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். கணவர் ஆயிரம் பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார். அந்த டிசம்பரில் வெஸ்லி காலனியை விட்டே வெளியேறினார்.

மொரேவியர் முறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அங்கே கேள்வியைத் தயாரிப்பது ஒரு குழு. இங்கே காதலில் தவிக்கும் ஒருவரும் அவரது நண்பரும். மூன்று சீட்டில் இரண்டு "இல்லை" ரகம். சோஃபியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வெஸ்லியின் சீட்டில் கடவுளின் குரல் எவ்வளவு, வெஸ்லியின் பயம் எவ்வளவு என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த மூன்று வாசகங்களையும் எழுதிய கை யாருடையது என்பதில் சந்தேகமில்லை.

நம் கதைக்கு வருகிறேன். என் அக்காவுக்கு வரன் பார்த்த காலம். அப்பா தினமும் அதிகாலையில் எழுந்து பயோடேட்டாக்களை மேஜையில் வைத்து ஜெபிப்பார். உண்மையான ஜெபம், அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. மொத்தம் பன்னிரண்டு பயோடேட்டா. பன்னிரண்டும் ஒரே சாதி. தேவசித்தம் எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தோம், அந்தப் பன்னிரண்டுக்குள். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. கிறிஸ்தவ வரன் விளம்பரங்களைப் படிக்கிற எவருக்கும் தெரியும்.

மொரேவியர்கள் இதில் எப்படி? கலவையான பதில்தான். சின்சென்டார்ஃபின் மகள் பெனிக்னா 1746-ல் மணந்தது யோஹான்னஸ் என்ற ஊழியரை. அவர் ஒரு போதகரின் மகன், பிறந்த பெயர் லாங்குத். கல்யாணத்துக்கு முன்பு வாட்டெவில் என்ற பிரபு அவரைத் தத்தெடுத்து, யோஹான்னஸ் ஃபான் வாட்டெவில் ஆக்கினார். பிரபு மகளுக்குப் பிரபு மாப்பிள்ளை! தற்செயல் என்று நான் நம்பவில்லை. எல்லோரும் சகோதர சகோதரிகள் என்று சொன்ன வீட்டிலேயே அந்தஸ்து ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனால் அதே இயக்கத்தில் ரெபேக்காவின் கதையும் இருக்கிறது. கரீபியனில் டேனிஷ் ஆட்சியிலிருந்த செயின்ட் தாமஸ் தீவில், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கலப்பினப் பெண். அடிமைக் குடியிருப்புகளுக்கு நடந்தே போய்ப் பெண்களிடையே ஊழியம் செய்தவர். 1738-ல் மத்தேயுஸ் ஃபிராய்ண்ட்லிஷ் என்ற வெள்ளைக்கார மொரேவிய மிஷனரிக்கும் அவருக்கும் கல்யாணம் நடந்தது. தோட்ட முதலாளிகளுக்குப் பொறுக்கவில்லை. கல்யாணத்தை நடத்திவைத்தவருக்கு முறையான அதிகாரம் இல்லை, ஆகவே இது கல்யாணமே இல்லை என்று பிரச்சினை கிளப்பித் தம்பதியைச் சிறையில் போட்டார்கள். 1739 ஜனவரியில் சின்சென்டார்ஃப் தற்செயலாகத் தீவில் வந்து இறங்கிய பிறகே விடுதலை. பின்னர் ஜெர்மனிக்குப் போனார்கள், அங்கே ஃபிராய்ண்ட்லிஷ் இறந்தார். 1746-ல் ரெபேக்கா, ஆப்பிரிக்கத் தாய்க்கும் டேனிஷ் தந்தைக்கும் பிறந்த கிறிஸ்டியன் புரோட்டனை மணந்து, கடைசியில் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் 1780-ல் காலமானார். 1738-ல் கரீபியன் தீவில் அப்படி ஒரு ஜோடியை அருகருகே நிறுத்த, "ஊர் என்ன சொல்லும்" என்ற கேள்வியைத் தூக்கி எறிந்த ஒரு சபை வேண்டியிருந்தது.

இதற்குக் காரணம், அவர்களுக்குக் குடும்பம் என்பதன் பொருளே வேறு. சின்சென்டார்ஃப் இதைப் போர்வீரர் திருமணம் என்கிற மாதிரி ஒரு ஜெர்மன் சொல்லால் குறித்தார். புருஷன் பொண்டாட்டி சுகமாக இருப்பதற்காகக் கல்யாணம் இல்லை. ஒரு பெரிய வேலைக்கு இரண்டு பேரைச் சேர்த்து அனுப்புவது. 1741-ல் பென்சில்வேனியாவில் தொடங்கிய பெத்லகேம் ஊரில் இது உச்சத்துக்குப் போனது. நிலம், தொழில், சாப்பாடு எல்லாம் பொது. தம்பதிகளும் தனி வீட்டில் இருக்கவில்லை. கணவன் ஆண்களோடு, மனைவி பெண்களோடு தங்கினார்கள். இருவரும் தனித்திருக்க நேரம் ஒதுக்கித் தரப்பட்டது. குழந்தை ஒன்றரை வயதை நெருங்கியதும் பொதுக் குழந்தைகள் இல்லத்துக்குப் போய்விடும். தாய்மார்கள் வேலைக்கும் மிஷனுக்கும் போகலாம். 1749 ஜூலை 15 அன்று ஒரே நாளில் 28 ஜோடிகளுக்கு அங்கே கல்யாணம் நடந்தது. நம்மூர் இலவசத் திருமண விழா மாதிரி காட்சி, ஆனால் சீர்வரிசை கிடையாது.

இந்த அமைப்பு உற்பத்தியில் அபாரமாக வேலை செய்தது. சில வருஷங்களில் டஜன் கணக்கில் தொழில்கள், ஆலைகள், பள்ளிகள். அந்தக் கல் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. 2024-ல் ஹெர்ன்ஹூட்டோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டன. ஆனால் இதன் விலை என்ன என்று கேட்டால், சின்சென்டார்ஃபின் வீட்டைத்தான் காட்டுவேன்.

அவர் கல்யாணமே ஒரு விதமான சீட்டுக் கதை. முதலில் விரும்பியது தியோடோரா என்ற உறவுக்காரப் பெண்ணை. நண்பர் ஒருவருக்கும் அதே பெண்ணைப் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும், இது தேவசித்தம் இல்லை என்று விட்டுக்கொடுத்தார். பிறகு அதே நண்பரின் தங்கை எர்ட்மூத் டோரோத்தியாவை 1722 செப்டம்பரில் மணந்தார். கூட்டு ஊழியம்தான் இந்தக் கல்யாணத்தின் நோக்கம் என்று இருவரும் ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொண்டார்கள். எர்ட்மூத் அந்த ஒப்பந்தத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார். 1732-ல் எஸ்டேட் அவர் பெயருக்கு மாறியது. கணவர் சாக்சனியிலிருந்து நாடு கடத்தப்பட்டு ஊர் ஊராகத் திரிந்தபோது கணக்கு வழக்கு, கடன், விருந்தாளி, அகதி எல்லாவற்றையும் சமாளித்தவர் அவர்தான். நானாக இருந்தால் மொரேவிய வரலாற்றின் முதல் பக்கத்தில் அவர் படத்தைத்தான் போடுவேன்.

பிறந்தது 12 குழந்தைகள். பெரியவர்களானது நான்கு. அந்த நால்வரில் ஒரே மகன் கிறிஸ்டியன் ரெனாட்டஸ் 1752-ல் 24 வயதில் லண்டனில் இறந்தார். எர்ட்மூத் அதிலிருந்து மீளவே இல்லை. கணவனும் மனைவியும் கடைசி வருஷங்களில் பெரும்பாலும் பிரிந்தே வாழ்ந்தார்கள். 1756 ஜூனில் அவர் இறந்தார். ஒரு வருஷம் கழித்து சின்சென்டார்ஃப் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். பெண், 14 வயதில் சீட்டில் தலைமை மூப்பரான அதே அன்னா நிட்ச்மன். 1760 மே 9 அன்று அவரும் மே 21 அன்று அன்னாவும் காலமானார்கள்.

அந்த 1760-ல்தான் நம் கரைக்குக் கதை வருகிறது. சின்சென்டார்ஃப் சிறுவனாக ஹாலே நகரப் பள்ளியில் படித்தபோதே, தரங்கம்பாடியிலிருந்து திரும்பிய மிஷனரிகளின் கதைகளை ஃபிராங்கேயின் வீட்டு மேஜையில் கேட்டு வளர்ந்தவர். சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கிய அதே தரங்கம்பாடி. 1760 ஜூலையில் முதல் மொரேவியக் குழு அங்கே வந்து சேர்ந்தது. தலைவர் இறந்த செய்தி அவர்களுக்கு அப்போது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. டென்மார்க் அரசின் இலக்கு நிக்கோபார் தீவுகள். அதற்குத் தளமாகப் பொறையாறு பக்கத்தில் ஒரு தோட்டம் வாங்கிக் குடியேறினார்கள். அதற்குச் சகோதரர் தோட்டம் என்று பெயர். கைத்தொழில் செய்து தங்கள் சோற்றைத் தாங்களே சம்பாதித்துக்கொண்டார்கள். ஏற்கெனவே அங்கிருந்த ஹாலே மிஷனரிகளுக்கு இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. ஐரோப்பாவில் இரு தரப்புக்கும் இருந்த பழைய பகை கூடவே கப்பலேறி வந்திருந்தது.

1768-ல் நிக்கோபாரில் தொடங்கிய பணி 1787-ல் கைவிடப்பட்டது. காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். தரங்கம்பாடித் தோட்டமும் 1803-ல் மூடப்பட்டது. அதில் இருந்தவர்களில் பெஞ்சமின் ஹெய்ன் பிற்பாடு கம்பெனியின் தாவரவியலாளராகப் பெயர் பெற்றார். ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்த இந்த மாதிரி களங்களில் இருந்தவர்களுக்கும் கல்யாண விதி அதேதான். கடிதம் போக மாதங்கள், பதில் வர மாதங்கள். நடுவில் ஒரு மேஜையில் மூன்று சீட்டு. இப்படி நிச்சயமாகி, முகம் தெரியாத ஒருவரை நம்பிக் கப்பலேறிய பெண்கள் மொரேவிய மிஷன் வரலாறு முழுக்க இருக்கிறார்கள்.

சரி, சீட்டு எப்படி முடிந்தது? அந்தக் கல்யாணங்கள் மோசமாகப் போனதால் இல்லை. மற்றவர்களின் கல்யாணங்களை விட அவை மோசம் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் கண்ணில் படவில்லை. முடிவு வேறு இடத்திலிருந்து தொடங்கியது. கடன் தலைக்கு மேல் போய், 1762-ல் பெத்லகேமின் பொதுப் பொருளாதாரத்தைக் கலைத்தார்கள். தம்பதிகள் தனி வீட்டுக்குப் போனார்கள், குழந்தைகள் வீட்டுக்கு வந்தார்கள். தனி அடுப்பு, தனிக் கணக்கு, மகனுக்கு விட்டுப்போக ஒரு பட்டறை. குடும்பம் நமக்குத் தெரிந்த குடும்பமாக மாறியது. ஆனால் கல்யாண முறை மட்டும் பழையபடி சீட்டில் நின்றது. மிஷனுக்குப் போகும் இரண்டு ஊழியர்களை இணைக்க உருவான முறை, இப்போது செருப்புத் தைப்பவர் மகனுக்கும் ரொட்டிக்காரர் மகளுக்கும் குறுக்கே நின்றது. சீட்டை மீறிக் கல்யாணம் செய்தவர்கள் சபையை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அவர்களில் பலர் விசுவாசத்தை விடவில்லை, விரும்பியவளை மணந்தார்கள், அவ்வளவுதான்.

இதற்குள் அமெரிக்கா சுதந்திர நாடாகிவிட்டது. தங்கள் பிள்ளைகளை இழந்துகொண்டிருந்த அமெரிக்க மொரேவியர்கள், கட்டாயச் சீட்டை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார்கள். 1818-ல் ஹெர்ன்ஹூட்டில் கூடிய பொதுச்சபை அவர்களுக்கு இசைந்தது. சாதாரண உறுப்பினர்களின் கல்யாணத்துக்கு அங்கே இனி சீட்டு கட்டாயம் இல்லை. போதகர்களுக்கும் மிஷனரிகளுக்கும் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் தொடர்ந்தது. யாருக்காக அந்த முறை உண்டானதோ அவர்களோடு கடைசி வரை இருந்தது என்று சொல்லலாம்.

பெத்லகேமின் பழைய கல்லறைத் தோட்டத்தின் படங்களைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். எல்லாம் ஒரே அளவில் தரையோடு பதித்த கற்கள். பிரபுவுக்கும் தச்சருக்கும், ஐரோப்பியருக்கும் அமெரிக்கப் பூர்வகுடியினருக்கும் வித்தியாசம் கிடையாது. புதைத்தது குடும்பவாரியாக இல்லை, கூட்டவாரியாக. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சேர்ந்து வாழ்ந்த தம்பதியின் இரண்டு கற்களுக்கு நடுவே இத்தனை தூரம். அவர்களுக்கு இது துக்கமாக இருந்திருக்குமா என்று ஒரு நண்பரிடம் கேட்டேன். கல்யாணமாகி இருபது வருஷம் ஆனவர். "கேட்டுப் பாருங்க, சிலர் நிம்மதின்னு சொல்லியிருப்பாங்க" என்றார்.

நிக்கோபார் முயற்சியில் கடைசி வரை இருந்த ஹென்செல் என்ற மொரேவியர், பிற்காலத்தில் தன் அனுபவங்களைக் கடிதங்களாக எழுதி, அது 1812-ல் லண்டனில் அச்சானது. மலேரியா, முதலை, கப்பலுக்காகக் காத்திருந்த மாதங்கள் என்று தனிக் கதை. அதை அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.